திருமுக்கூடல்: பாயும் எண்ணெயும் எழுதிய கல்

வடக்குப்பட்டில் பிறந்து, ஒரகடத்துக் கம்பெனிப் பேருந்துகளின் ஊதலுக்கே விழித்தெழப் பழகிவிட்ட எனக்கு, ஊர்ப் பெருமை பேச 2022-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் எங்கள் மண்ணை அகழ்ந்து நுண்கற்கருவிகளும் ரோமானியச் சாடித் துண்டுகளும் எடுத்த சங்கதியே போதும். ஆயினும் மனம் வாலாஜாபாத்தைத் தாண்டிப் பாலாற்றின் தென்கரைக்கே ஓடுகிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாதலின் திருமுக்கூடல். உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் என்பதோடு அதன் நிர்வாக விருத்தாந்தம் முடிந்தது. தை மாதத்துப் பார்வேட்டையன்று காஞ்சி வரதர் பழையசீவரத்து மலையேறி, ஆற்றைக் கடந்து இங்கு எழுந்தருளும்போதுதான் வெளியூரார்க்கு இவ்வூர் ஞாபகம் வருகிறது.

ஆனால் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்தில், சுமார் 1068-இல் பொறித்த சாசனம், உண்டு உறைந்து பயிலும் கல்லூரி ஒன்றின் வரவு செலவை முழுமையாய்ச் சொல்கிறது. மாதவன் தாமயன் என்னும் வைசியர் எடுப்பித்த சனநாத மண்டபத்தில் ருக்வேதம் ஓதுவார் பதின்மர், யஜுர்வேதம் ஓதுவார் பதின்மர், வியாகரணமும் ரூபாவதாரமும் கற்பார் இருபதின்மர். ஆசிரியர்க்கு நெல்லும் காசும். மாணாக்கர்க்குச் சோறும், படுக்கப் பாயும், இரவில் விளக்கும், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெயும்! சனி நீராட்டைச் செலவுக் கணக்கில் ஏற்றிய அந்தக் கணக்கனை நான் நேரில் கண்டிருந்தால் கைகூப்பியிருப்பேன். ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி 1264-இல் தோன்றியது. அதற்கு இரு நூற்றாண்டு முந்தியது இது. மார் தட்டவும் கூசுகிறது: செலவுக்கு வந்தது வயலைக்காவூரின் வரி, படித்ததோ வேதியர் பிள்ளைகள், உழுது வரி கட்டியவனின் மகன் அல்லன்.

மாணாக்கரும் கோயிற் பணியாளரும் நோயுற்றால் பதினைந்து படுக்கையுள்ள ஆதுலர்சாலை இருந்தது. வைத்தியர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். அறுவைக்குத் தனி ஆள், மூலிகை பறித்து வர இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிலேயே உண்டு: வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று சுமார் இருபது.

இன்று அவ்வூருக்குப் போகிறவன் கல்குவாரி லாரிகளுக்கு வழிவிட்டு நின்று, புழுதி அடங்கிய பிறகே கோபுரத்தைப் பார்க்க வேண்டும். மணலை அள்ளி முடித்த ஆற்றில் மூன்று நதிகளின் கூடலை உள்ளூர்க்காரர் கை நீட்டிக் காட்டினால்தான் நம்பலாம். திரும்பி வந்தால் எங்கள் பக்கம் மட்டும் வாழ்கிறதா? விளைநிலத்தை விற்ற பணத்தில் வரிசையாய் எழுப்பிய மாடிகளில், வடநாட்டிலிருந்தும் தென்பாண்டியிலிருந்தும் வந்த பிள்ளைகள் எண்மர் ஓர் அறையில் கிடக்கிறார்கள். தலைக்கு இவ்வளவென்று வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் யாரும் பாயைப் பற்றிப் பேசுவதில்லை. பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயிலேயே, சூடு ஆறுமுன், இரவு ஷிப்டு முடித்து வந்தவன் படுத்துக்கொள்கிறான்.