4,500 ரூபாய் செலவைத் தவிர்த்த கம்பி பிரஷ்!

ஆனைமலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், தென்னந்தோப்புகளில் புல் இடுப்பளவுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் நாலைந்து பெண்கள் அரிவாளோடு வந்து ஒரு வாரம் அறுப்பார்கள். இப்போது தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு ஒரே ஆள் வருகிறார். எங்கள் தோப்புக்கு வரும் தம்பியும் அப்படித்தான். அவருடைய மெஷின், மனைவி பெயரில் மகளிர் குழுக் கடனில் வாங்கியது. மழைக்காலம் முழுக்க அது ஓடினால்தான் தவணை கட்ட முடியும்.

போன ஜூலையில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சும்மா வைத்தால் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்திப் புல்லில் வைத்தால் மட்டும் திணறி நின்றுவிடுகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கழற்றிக்கூடப் பார்க்காமல், கார்ப்பரேட்டர் போச்சு, ரிங்கும் தேய்ந்திருக்கும், 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஊட்டுக்காரி தோட்டை அடகு வெச்சரலாம்னு இருக்கறனுங்க்கா. ரெண்டு நாளைக்குப் புல்லு வெட்ட வர முடியாதுங்க" என்று சொல்லத்தான் அன்று வந்தார்.

"மொதல்ல மெஷினை இங்க கொண்டா தம்பி. பாத்துட்டு அப்புறம் தோட்டைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

இதில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் அப்பா டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதன் பிளக்கைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது என் வேலை. பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் இருப்பதும் அதே மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலில் நாம் கலக்கிற டூ-டி ஆயில் மட்டுமே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. (ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆயில் தனி. அப்படிப்பட்டதற்குப் பெட்ரோலில் கலக்கக் கூடாது.)

இன்ஜின் நன்றாக ஆறியதும் பிளக்கைக் கழற்றினோம். நன்றாக ஓடும் இன்ஜினில் பிளக்கின் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். இது கரிக்கட்டையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தால், ஸ்பான்ஜ் தெரியாத அளவுக்குப் புல்தூள். அதை சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து நிழலில் காயப்போட்டேன். டேங்குக்குள் குழாய் முனையில் ஒரு குட்டி பெட்ரோல் ஃபில்டர் இருக்கும். வளைத்த கம்பியால் அதை வெளியே இழுத்துப் பார்த்தோம், பழுப்பேறிப்போயிருந்தது. புதிது மாற்றினோம். பிளக்கும் புதிது.

ஆனால் உண்மையான குற்றவாளி சைலன்ஸரில் இருந்தது. நெருப்புப்பொறி வெளியே தெறிக்காமலிருக்க அதன் வாயில் ஒரு சின்னக் கம்பிவலை வைத்திருப்பார்கள். அது முழுக்கக் கரி அடைத்திருந்தது. புகை வெளியே போக வழி இல்லாவிட்டால் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்? சும்மா ஓடும்போது சமாளித்துவிடும், வேலை கொடுத்தால் மூச்சுமுட்டும். அப்பா காலத்துக் கம்பி பிரஷ்தான் அந்தக் கரியையும் எடுத்தது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் அப்பியிருந்த புல்லையும் சுரண்டினோம். இன்ஜின் சூடு தணிவது அந்த இடுக்கில் ஓடும் காற்றால்தான்.

"ஆயில் எவ்வளவு ஊத்துவீங்க?"

"கணக்கெல்லாம் இல்லீங்க்கா. கொஞ்சம் கூடவே ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானுங்களே?"

அத்தனை கரியும் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. ஆயில் கூடினால் இப்படி அடைக்கும், சுத்தம் பண்ணிவிடலாம். குறைந்தால் பிஸ்டன் கோடு விழுந்து இறுகிவிடும். அப்புறம் கடைக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அவருடையது 50-க்கு 1. மெடிக்கலில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, அளப்பதற்கென்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணளவு சாம்பாருக்குச் சரி, இதற்கு ஆகாது.

கார்ப்பரேட்டரை நான் தொடவில்லை. விஷயம் தெரியாதவர்கள் முதலில் கை வைப்பது அதன் திருகுகளில்தான். இத்தனையும் பார்த்த பிறகும் ஓடாவிட்டால் அதற்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் விறைத்திருக்கலாம். அதை மட்டும் மாற்றலாம்; முழு கார்ப்பரேட்டரையும் வாங்க வேண்டியதில்லை.

ஸ்பான்ஜ் காய்ந்ததும் மாட்டி, மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. புல்லில் வைத்தார். நிற்கவில்லை. மொத்தச் செலவு பிளக், ஃபில்டர், சிரிஞ்ச்.

மறுவாரம் அவர் மனைவியும் கூட வந்திருந்தார், காதில் தோடு இருந்தது. இப்போது ஆயில் கலப்பது அவர்தானாம்.

"மீந்த பெட்ரோலை என்ன பண்றதுங்க்கா? கேன்ல அப்படியே வெச்சுக்கலாங்களா?"

ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றேன். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி பண்ணிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்துவைக்கச் சொன்னேன். கேனின் மேல் தேதி எழுத என்னிடம் மார்க்கர் பேனா கேட்டு வாங்கிப் போனார்.