பரிசலில் யார் யார்? செவிலிமேட்டில் பிறக்கும் ஒரு காட்டுப் பயணத் திட்டம்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில், ஊர் முடிந்து ஆறு தொடங்குகிற இடம் செவிலிமேடு. இன்று அது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆனாலும் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறி நின்றால் பட்டு நகரத்தின் நெரிசல் பின்னால் போய்விடும். எதிரே அகண்ட மணல், புதர், அங்கங்கே பச்சைத் திட்டு. குழித்தறியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் காலை நீட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்படிப்பட்ட இடத்தில் நான்கு நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும்? ஊர் சுற்றத்தான். கைப்பேசியில் யாரோ வெளிநாட்டுக்காரர் ஒல்லியான படகில் ஏரியைக் கடந்து, தீவில் கூடாரம் அடித்து, காபி போட்டுக் குடிக்கிற வீடியோ ஓடும். "நாமளும் ஒரு தடவை இப்படிப் போகணும்டா" என்பார் ஒருவர். கீழே ஆறு இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை.

பாலாறு கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிற ஆறு. ஓடுகிற என்று சொல்வது பழக்கதோஷம். ஆண்டின் பெரும்பகுதி அது மணலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதற்காக எப்போதுமே அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. 2021 நவம்பரில் இதே ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அந்த மாதிரி நாட்களில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், செல்ஃபி எடுப்பார்கள், யாராவது ஒருவருக்கு லாரி டியூபைக் கட்டி இறங்கலாம் என்று தோன்றும். செம்மண் நிறத்தில் சுழித்துப் போகும் அந்தத் தண்ணீருக்கு அடியில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. முழங்கால் அளவு என்று நினைத்து வைத்த அடுத்த அடி ஆளை விழுங்கிவிடும். ஆக, வீட்டு வாசல் ஆறு பரிசல் விடத் தோதுப்படாது. தண்ணீர் இல்லாதபோது முடியாது, இருக்கும்போது கூடாது.

வேறு ஆற்றுக்குத்தான் போக வேண்டும். எந்த ஆறு என்று முடிவு செய்வதற்கு முன்னால், இந்த ஊருக்கே சொந்தமான ஒரு பயணக் கதையைப் பார்த்துவிட வேண்டும். நண்பர்கள் சேர்ந்து திட்டம் போட்ட பயணம்தான் அதுவும்.

செவிலிமேட்டில் சாலைக்கிணறு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ராமானுஜருக்குச் சிறிய சந்நிதி. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், இளமையில் காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டவர். குருவுக்கும் சீடருக்கும் உபநிடத வரிகளுக்குப் பொருள் சொல்வதில் ஒத்துப்போகவில்லை. சீடன் தன்னை மிஞ்சுகிறான் என்ற பொறாமை குருவுக்கு. ஆகவே ஒரு யாத்திரை ஏற்பாடானது. எல்லோருமாகக் காசிக்குப் போய் கங்கையில் நீராடுவது. அப்படியே ராமானுஜரைத் தண்ணீரில் அமுக்கிவிடுவது. குருபரம்பரை நூல்கள் சொல்கிற கதை இது.

விந்திய மலைக் காட்டை அடைந்தபோது, கூடவே வந்த சித்தி மகன் கோவிந்தனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் ராமானுஜரின் காதில் போட்டார். கூட்டத்தைவிட்டு விலகிய ராமானுஜர் நடுக்காட்டில் தனியே நின்றார். வழி தெரியாது, இருட்டப் போகிறது. அப்போது ஒரு வேடனும் அவன் மனைவியும் எதிர்ப்பட்டார்கள். "நாங்களும் தெற்கேதான் போகிறோம்" என்று கூட்டிக்கொண்டார்கள். இரவில் ஓரிடத்தில் தங்கியபோது வேடுவச்சிக்குத் தாகம் எடுத்தது. பக்கத்தில் கிணறு இருக்கிறது, விடிந்ததும் பார்க்கலாம் என்றான் வேடன். விடிந்ததும் ராமானுஜர் கிணற்றில் இறங்கிக் கைகளில் தண்ணீர் ஏந்தி வந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்துவிட்டு நான்காம் முறை வந்து பார்த்தால் இருவரையும் காணோம். வழியில் போனவர்களிடம் இது எந்த ஊர் என்று கேட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே வரதராஜர் கோயில் புண்ணியகோடி விமானத்தைக் காட்டினார்களாம். அந்தக் கிணறுதான் சாலைக்கிணறு. வேடனாக வந்தது வரதர், வேடுவச்சி பெருந்தேவித் தாயார் என்பது நம்பிக்கை. பிறகு திருக்கச்சி நம்பிகள் சொற்படி அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ராமானுஜர் தினமும் வரதருக்குச் சுமந்து கைங்கரியம் செய்தார். அத்யயன உற்சவம் முடிந்த பிறகு அனுஷ்டான குள உற்சவத்துக்கு வரதர் செவிலிமேட்டுக்கு எழுந்தருளுவது இன்றைக்கும் உண்டு.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் பயணக் கதையாகப் படித்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. போகிற இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை. வழியும் தெரிந்த வழிதான். சிக்கல் கூட வந்தவர்களிடம். காப்பாற்றியது இரண்டு பேச்சு: உண்மையைச் சொன்ன சொந்தக்காரன் ஒருவன், காட்டை அறிந்த அந்நியன் ஒருவன்.

இனி ஆற்றுக்கு வருவோம். செவிலிமேட்டுக்காரர்களுக்குத் தோதான பரிசல் ஆறு காவிரி, இடம் ஒகேனக்கல். வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாகக் காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். வாணியம்பாடி வரை அவ்வப்போது பாலாறு பக்கத்திலேயே வரும், அதே மணலோடு. காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை. கடைசியில் காவிரி. மூன்று ஆறுகளைப் பார்த்த பிறகுதான் துடுப்பைத் தொட முடியும்.

வீடியோவில் வரும் ஒல்லிப் படகுக்கும் நம் பரிசலுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு; நேராக விட்டால் நேராகப் போகும். பரிசல் மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை. முன்காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தித் தார் பூசுகிறார்கள். வட்டத்துக்கு ஏது முன்பக்கம்? பழக்கம் இல்லாதவர் துடுப்பை ஒரு பக்கம் போட்டால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். ஆனால் அடி தட்டையாக இருப்பதால் பாறைகள் நிறைந்த ஆழம் குறைந்த தண்ணீரில் ஒல்லிப் படகு முட்டி நிற்கும் இடத்தில் பரிசல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே பல தலைமுறையாக அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். கரையேறியதும் ஒருவரே தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

அதை ஓட்டுவது கற்றுக்கொண்டு செய்கிற வேலை. வாடகைக்கு வாங்கி நாமே ஓட்டுகிற விளையாட்டு கிடையாது. எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல், எந்த மாதத்தில் எந்த வழி அடைபடும் என்பது பரிசல்காரருக்குத்தான் தெரியும். 2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் உயிரிழந்தார்கள். உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறாதீர்கள். "புழுக்கமா இருக்கு, போட்டோவுக்கு நல்லா இருக்காது" என்று கழற்றுகிற நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைக் கிளம்பும் முன்பே அடையாளம் கண்டு வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது போவது? இங்கேதான் நெசவாளருக்குச் சங்கடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் குடிக்கும், வேலை நிற்கும். கையில் நேரம் இருக்கிற மாதங்கள் அவை. ஆனால் ஆற்றுக்குப் போகக் கூடாத மாதங்களும் அவைதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்தால் ஒகேனக்கலில் தண்ணீர் பொங்கும். எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். கோடையில் காடு காய்ந்து, யானைகள் தண்ணீர் தேடி ஆற்றுக்கே இறங்கிவிடும். தை முகூர்த்தப் புடவைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, கூலி கைக்கு வந்ததும் கிளம்புவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். கிளம்புகிற அன்று காலை செய்தியில் நீர்வரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணி நேரம் காரில் போய்த் தடைப் பலகையைப் படித்துவிட்டு மீன் வறுவலோடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது கூடாரம். எல்லோருக்கும் ஆசை, மணல்திட்டில் ஓர் இரவு. நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது: ஒகேனக்கல் காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. சுற்றிலும் 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே இரவு தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு கண்டிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் மணல்திட்டு தூங்குகிற இடமில்லை. மேலே அணையில் திறந்த தண்ணீர் நட்டநடு இரவில் வந்து சேரலாம். இங்கே ஒரு சொட்டு மழை பெய்திருக்காது. ஆற்றில் முதலைகள் இருக்கின்றன. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடம் பெரும்பாலும் நமக்கு அழகாகத் தெரிகிற சரிவாகத்தான் இருக்கும். இருட்டிய பிறகு கரையில் உட்கார்ந்து மீன் கழுவுவது, சட்டி அலம்புவது எல்லாம் விபரீதம்.

கூடாரத்தில் தூங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இதே காவிரியில் மேலே, மாண்டியா மாவட்டம் பீமேஸ்வரியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் ஆற்றங்கரை முகாம் நடத்துகிறது. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கூடாரம், பரிசல் சவாரி, வழிகாட்டி எல்லாம் அங்கேயே கிடைக்கும். நெசவுக் கூலிக்கு அந்தக் கட்டணம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அது முடியாதென்றால் பகலில் ஒகேனக்கல் பரிசல், இரவில் ஊருக்குள் அறை. ஆற்றுச் சத்தம் அறைக்குள்ளும் கேட்கும்.

மூட்டை கட்டுவதில் காஞ்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைத்த கோயில் இட்லியைவிட நல்ல பயணச் சாப்பாடு உண்டா? மறுநாளும் கெடாது, சட்னி கேட்காது, பரிசலில் நசுங்காது. கூடவே புளியோதரை. ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி; எல்லாவற்றையும் இரண்டு கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் போதும், விலை கூடிய நீர்புகாப் பை வேண்டாம். டார்ச், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை. காட்டுக்குள் சிக்னல் போய்விடும் என்பதால் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மது பாட்டில் மூட்டையில் ஏறினால், அந்த மூட்டையோடு அந்த ஆளையும் இறக்கிவிடலாம்.

கடைசியாக ஆள் கணக்கு. பரிசலில் நான்கு பேரும் ஓட்டுபவரும் உட்காரலாம். நண்பர்கள் ஐந்து பேர் என்றால் "நெருக்கி உட்காரலாம் அண்ணே" என்று கெஞ்சத் தோன்றும். கெஞ்சாமல் இரண்டு பரிசல் எடுத்து, இரண்டும் ஒன்றன் கண்ணில் ஒன்று படும்படி போகச் சொல்வதே நல்லது. யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு வலிப்பு உண்டு, யாருக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்பதைப் பாலத்து மேலேயே பேசிவிட வேண்டும். நடு ஆற்றில் தெரியவரக் கூடாத விஷயங்கள் இவை. கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். உடலும் கரையும் சேர, இந்தப் பக்கம் நெய்கிறவர் ஓடம் வீச, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அடுத்ததை வீச வேண்டும். அவர் கொஞ்சம் அசந்தால் கோர்வை நழுவிவிடும்.

கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் மாலை, வீட்டில் அம்மா குடலையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்பார்: "எத்தனை பேருக்குடா அரிசி ஊறப் போடணும்?"

"நாங்க அஞ்சு பேரும்மா. பரிசல்காரங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்கோ."