அளந்து கண்ட உண்மை

நுழையும்முன்

எழுத்து தோன்றுவதற்கு முன்பே மனிதனைப் பற்றிய செய்திகளைக் காத்துவைத்த ஆவணம் எலும்பு. அதனைப் படிப்பதற்குக் கருவியும் பயிற்சியும் வேண்டும். படித்ததை மறைக்காமல் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆய்வுக்கூடங்களின் கதவுகள் பெண்களுக்கு அரிதாகவே திறந்த காலத்தில், இவ்விரண்டையும் பெற்றிருந்தவர் மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே.

எலும்பு சொல்லும் செய்தி

மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடிக்கு அருகில் அமைந்த சிற்றூர் கொந்தகை. கீழடியில் வாழ்ந்த பண்டை மக்களின் இடுகாடாக இவ்வூர் விளங்கியது எனத் தொல்லியலாளர் கருதுகின்றனர். அங்கே அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளில் மனித எலும்புகள் கிடைத்தன. அவற்றை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

ஓர் எலும்புக்கூடு எவற்றையெல்லாம் தெரிவிக்கும்? இடுப்பெலும்பின் அமைப்பு, அவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். பற்களின் தேய்மானமும், நீண்ட எலும்புகளின் முனைகள் இணைந்திருக்கும் நிலையும் வயதைக் கணிக்க உதவும். தொடையெலும்பின் நீளத்தைக் கொண்டு உயரத்தை மதிப்பிடலாம். முறிந்து மீண்டும் கூடிய எலும்பு, அவர் காயமுற்ற பின்னும் உயிர்வாழ்ந்தார் என்பதற்குச் சான்றாகும்.

எலும்பு பொய் சொல்வதில்லை. ஆயினும் அதைப் படிப்பவர், தாம் முன்பே நம்பிய ஒன்றை அதன்மீது ஏற்றிக் கூறிவிட இயலும். இவ்வேறுபாட்டை இருபத்தைந்து வயது நிறைவதற்குள்ளாகவே நேர்கொண்டு பார்த்தவர் ஐராவதி.

ஆற்றின் பெயர் கொண்டவர்

ஐராவதி 1905ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்தார். அந்நாட்டின் பேராறாகிய ஐராவதியின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. ஏழாம் வயதில் கல்வியின் பொருட்டுப் புனே நகருக்கு அனுப்பப்பட்டார். பெர்குசன் கல்லூரியில் தத்துவம் பயின்று 1926இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சமூகவியல் அறிஞர் கோவிந்த் சதாசிவ் குர்யேயின் வழிகாட்டுதலில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். வேதியியல் ஆசிரியரான தினகர் கார்வே அவருடைய வாழ்க்கைத் துணைவரானார்.

தினகரின் தந்தை தோண்டோ கேசவ் கார்வே. கைம்பெண்களின் மறுமணத்திற்காகவும் கல்விக்காகவும் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். 1916இல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 1958இல் பாரத ரத்னா விருது பெற்றவர். அத்தகைய பெருமகனாரே, தம் மருமகள் மேற்படிப்பிற்காக ஜெர்மனி செல்வதை எதிர்த்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெண் கல்வியை ஏற்றுக்கொண்ட உள்ளத்திற்கும், பெண் தனியே கடல் கடந்து ஆய்வு செய்வதை ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. கணவர் துணை நின்றார். காங்கிரசுத் தலைவர்களுள் ஒருவரான ஜீவராஜ் மேத்தா கடனாகப் பணம் தந்து உதவினார். 1928ஆம் ஆண்டின் இறுதியில் ஐராவதி ஜெர்மனிக்குப் புறப்பட்டார்.

149 மண்டையோடுகள்

பெர்லினில் அவர் சேர்ந்த கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனம், 1927இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ஆய்கன் பிஷர், அக்காலத்து ஐரோப்பாவில் பெரும் செல்வாக்குப் பெற்ற பேராசிரியர். வெள்ளையரே அறிவாற்றலில் உயர்ந்தவர் என்பது அவருடைய நம்பிக்கை. ஐரோப்பியரின் மண்டையோடு இருபுறமும் ஒத்திராது. மூளையின் வலப்புற முன்பகுதி பெரிதாக இருப்பதற்கேற்ப அது அமைந்துள்ளது. அதுவே அவர்களுடைய அறிவு மேம்பாட்டின் அடையாளம் என்று அவர் கருதினார். அக்கருத்தை ஆராயும் பணி ஐராவதியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஐராவதி 149 மண்டையோடுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் அளந்தார், அளவுகளை ஒப்பிட்டார். மண்டையோடுகள் இருபுறமும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை என்பது புலனாயிற்று. ஆனால் அவ்வேறுபாட்டிற்கும் இனத்திற்கும் எத்தொடர்பும் காணப்படவில்லை.

அந்த மாணவியின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் அயல்நாட்டவர், அடிமைப்பட்ட நாட்டிலிருந்து வந்த பெண், கடன் பெற்றுப் படிக்க வந்தவர். அவருக்குப் பட்டம் வழங்க வேண்டியவரோ, எந்தக் கருத்து பிழையென்று அளவுகள் காட்டினவோ அதே கருத்தைக் கொண்டிருந்த பேராசிரியர். எண்களைச் சிறிது வளைத்திருந்தால் பாராட்டு எளிதில் கிடைத்திருக்கும். ஐராவதி வளைக்கவில்லை, தாம் கண்டதையே எழுதினார். 1930இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஆசிரியரின் உவகையைப் பெறவில்லை.

அவ்வாய்வின் பெருமையை அடுத்து வந்த ஆண்டுகள் உணர்த்தின. 1933இல் நாசிகள் ஆட்சியைப் பிடித்தபோது, அவர்களுடைய இனவெறிக் கொள்கைக்கு அதே நிறுவனம் அறிவியல் முலாம் பூசியது. இலட்சக்கணக்கானோரின் உயிரைக் குடித்த பொய்யை, அதன் பிறப்பிடத்திலேயே ஓர் இந்திய மாணவியின் அளவுகோல் மறுத்திருந்தது.

தாய்நாட்டில் ஆய்வு

தாய்நாடு திரும்பிய ஐராவதி, 1931 முதல் 1936 வரை தம் மாமனார் நிறுவிய பெண்கள் பல்கலைக்கழகத்தின் பதிவாளராகப் பணியாற்றினார். 1939இல் புனேயின் டெக்கான் கல்லூரியில் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே ஆய்வும் கற்பித்தலும் மேற்கொண்டார். தொல்லியலாளர் சங்காலியாவுடன் குஜராத்தின் லங்நாஜ் என்னுமிடத்தில் நடந்த அகழாய்வில் பங்கேற்று, நுண்கற்கருவிகளைப் பயன்படுத்திய பழங்கால மக்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார்.

மகாராட்டிர மக்களின் உடல் அளவுகளையும் அவர் திரட்டினார். ஒரே பெயரும் ஒரே தொழிலும் கொண்ட சாதியின் உட்பிரிவுகள், ஒரு மரத்தின் கிளைகள்போல ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று பலரும் எண்ணியிருந்தனர். அவை வெவ்வேறு மூலங்களைக் கொண்ட குழுக்களாகவும் இருக்கலாம் என்று ஐராவதி எடுத்துரைத்தார். தம் ஆசிரியர் குர்யேயின் கருத்திலிருந்தும் இவ்விடத்தில் அவர் மாறுபட்டார். உடலளவைக் கொண்டு மக்களைப் பிரித்துக் காணும் முறையையே இன்றைய அறிஞர் கேள்விக்கு உட்படுத்துகின்றனர். மரபணு ஆய்வு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு வளர்வது என்பதற்கு இதுவும் சான்று.

1953இல் வெளிவந்த அவருடைய நூல், இந்தியாவின் உறவுமுறை அமைப்புகளை விளக்குகிறது. அத்தை, மாமன் மக்களை மணக்கும் தென்னாட்டு வழக்கத்தால், இங்கு மணமகள் அறிந்த வீட்டிற்கே செல்கிறாள். வடநாட்டிலோ அறியாத ஊருக்கும் அறியாத மனிதரிடையேயும் செல்கிறாள் என்னும் வேறுபாட்டை அவர் நுட்பமாகக் காட்டினார். எலும்பை அளந்த கண்ணுக்குப் பெண்ணின் வாழ்வும் தப்பவில்லை.

திறந்த வழி

அக்காலத்தில் அறிவியல் பயில விரும்பிய பெண்கள் எதிர்கொண்ட தடைகள் பல. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர விரும்பிய கமலா சோஹோனிக்கு, பெண் என்பதனால் முதலில் இடம் மறுக்கப்பட்டது. உறுதியுடன் வாதாடிய பின்னரே, நிபந்தனைகளுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இத்தகைய சூழலில் ஐராவதி வாழ்ந்து காட்டியதே பெரும் ஊக்கமாயிற்று. மூன்று மக்களைப் பெற்ற தாயாகிய அவர், கள ஆய்வுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார். புனே தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டிச் சென்றார். கணவரைப் பெயர் சொல்லி அழைத்தார். 1947இல் இந்திய அறிவியல் மாநாட்டின் மானிடவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். மகாபாரத மாந்தரை ஆராயும் அவருடைய 'யுகாந்தா' என்னும் மராத்தி நூல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1970இல் அவர் மறைந்தார். அவர் பணியாற்றிய டெக்கான் கல்லூரியில் இன்று பெண் ஆய்வாளர்கள் பண்டைய எலும்புகளைப் படித்து வருகின்றனர்.

அறிவியலில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது, பெண்களுக்கு மட்டும் நன்மை தரும் செய்தியன்று. ஓரிடத்தில் எல்லாரும் ஒரே நம்பிக்கையோடு ஒரு பொருளைப் பார்க்கும்போது, வேறோர் இடத்திலிருந்து வந்த கண்ணே அதன் பிழையைக் காண்கிறது. பெர்லின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது அதுவே. பெரியோர் கூறினர் என்பதற்காக ஏற்றுக்கொள்ளாமல், அளந்து பார்த்து, கண்டதை அஞ்சாது உரைக்கும் துணிவே ஆய்வின் முதற்கருவி. அக்கருவியை ஏந்துவதற்கு ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை.