மூன்றாவது மொழிக்குக் கட்டம் இல்லை

நவம்பர் 18

வாழப்பாடி பஸ்ஸில் வந்து அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கினேன். பி.ஏ. கடைசி வருஷ புராஜெக்ட்: இரண்டு மொழியோடு வளரும் பிள்ளைகள் வகுப்பில் எப்படிப் படிக்கிறார்கள். படிவத்தில் இரண்டே கட்டம்: வீட்டு மொழி, பள்ளி மொழி. பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் சொன்னார்: "ஹிந்திப் புள்ளைங்க மூணு பேரு. மத்ததெல்லாம் நம்ம பசங்க." அந்த நம்ம பசங்களில் சிலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்களே சொன்னார்கள். அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

நவம்பர் 20

அந்த மூவரில் ஒருத்தி, பிகார்ச் சிறுமி. அப்பாவுக்குக் கட்டட வேலை. பாண்டி ஆட்டத்தில், "ஏய், கோட்ட மிதிச்சிட்ட, நீ அவுட்டு!" என்று சண்டைக்கு நிற்கிறாள். அறிவியல் புத்தகம் விரித்தால் வாயே திறப்பதில்லை. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். அவருடைய பிந்தைய ஆய்வின்படி, பேச்சு இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடத்தின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். தமிழில் இது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன். நாம் பேசுகிற மாதிரியா நம் புத்தகம் இருக்கிறது? தமிழ்ப் பிள்ளையே அங்கே திணறுகிறது.

நவம்பர் 25

கணக்கு வகுப்பு. ஏழெட்டு எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். அந்தப் பிகார்ச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உதடு மட்டும் அசைந்தது: "சாத் அட்டே சப்பன்." உடனே எழுந்து, "அம்பத்தாறு டீச்சர்!" வகுப்பில் அவள் சொன்னதுதான் முதல் விடை.

வீட்டிலும் ஹிந்திதானா என்றேன். "இல்லக்கா, வீட்ல மைதிலி. ஹிந்தி அங்க ஸ்கூல்ல படிச்சது."

மைதிலி 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறிய மொழி. பதிவேட்டிலோ அவள் ஹிந்திப் பிள்ளை.

டிசம்பர் 1

அவள் அம்மாவைப் பார்த்தேன். சொந்த ஊர் மதுபனி. சீதை பிறந்த மிதிலை நாடு. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமருக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்று இங்கே கோதண்டராமர் கோயிலில் சொல்வார்கள். அதைச் சொன்னதும் அந்தம்மா சிரித்துவிட்டு மகளிடம் மைதிலியில் ஏதோ சொன்னார். "அப்ப இது மாமியார் வீடாம்க்கா" என்றாள் மகள். படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

டிசம்பர் 4

புராஜெக்ட் மேடம், இருமொழி ஆய்வாளர் அஜித் மொகந்தியைப் படிக்கச் சொன்னார். ஒடிசாவின் கோந்த் பழங்குடிப் பிள்ளைகளில், ஒடியா மட்டும் பேசுகிறவர்களைவிடக் குயியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள் என்கிறார் அவர். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956-லிருந்தே இருக்கிறது. அயோத்தியாப்பட்டணத்துக்கு மைதிலி டீச்சர் வரப்போவதில்லை. வாய்ப்பாட்டை எந்த மொழியில் வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்லட்டும் என்று விடுவதற்குச் சட்டம் தேவையில்லையே என்றேன்.

"ஒரு பொண்ண வச்சு எழுதிடாதே. அந்தத் தெலுங்குப் பசங்க எந்த மொழியில கணக்குப் போடறாங்க, அதையும் பாத்துட்டு வா" என்றார். மூன்றாவது கட்டத்தைப் பேனாவால் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது.