கப்பல் ஏறும் காருக்கு வரி இல்லை

எங்க ஊர் பொன்னேரி பக்கம். அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். ரயில்ல போய், இறங்கி ஆட்டோ பிடிக்கிறதுக்குள்ள அவங்க துவண்டு போயிடறாங்க. அதனால இந்த அறுவடை முடிஞ்சதும் ஒரு சின்ன கார் வாங்கணும். விலை கேக்கப் போனவன் வரிக் கணக்கு படிச்சுட்டு வந்திருக்கேன்.

வரியில்லாம அஞ்சு லட்சம் விலையுள்ள சின்ன பெட்ரோல் காரை எடுத்துக்குங்க. முன்னாடி 28% ஜி.எஸ்.டி., அதுக்கு மேல 1% செஸ். மொத்தம் 1,45,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 18%, அதாவது 90,000. ஐம்பத்தஞ்சாயிரம் குறைஞ்சிருக்கு, நல்லதுதான். டிராக்டருக்கும் 12-லேர்ந்து 5 ஆச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, 2023 நவம்பர்ல, நம்ம மாநிலத்துல வாழ்நாள் வரி ஏறிடுச்சு. பத்து லட்சம் வரைக்கும் 10%-ஆ இருந்தது, இப்போ அஞ்சு லட்சம் வரை 12%, அதைத் தாண்டினா 13%. பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள்ளயே வராது. டெல்லிக்குக் கலால், சென்னைக்கு வாட், ஓட்டுற வரைக்கும் கட்டணும்.

அம்மாவை உள்ளே விட்டுட்டு ராயபுரத்துல மச்சான் வீட்டுலதான் உக்காந்திருப்பேன். என் வீட்டுக்காரம்மாவோட தம்பி, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. ஒருநாள் ஹார்பர் பக்கம் புதுக் கார்களை அடுக்கிட்டு ஒரு டிரெய்லர் போச்சு.

"இன்னா மாமா அப்படிப் பாக்குறீங்க? இதுங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரு பைசா கிடையாது"ன்னான்.

ஏற்றுமதின்னா வரி பூஜ்யமாம். இருங்காட்டுக்கோட்டையில செய்யற கார் சென்னைத் துறைமுகம் வழியா வெளிநாடு போனா வரி இல்லை, பொன்னேரிக்கு வந்தா உண்டு. சரி, டாலர் வரட்டும். ஆனா 2023 ஜூலையில வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டு, அடுத்த வருஷம் செப்டம்பர்லதான் எடுத்தாங்க. கார் வெளியே போனா சலுகை, எங்க அரிசி வெளியே போகவே கூடாது! இது எனக்கு இன்னும் ஆறலை.

சிங்கப்பூர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்காரர் போன்ல, "என் கார் பத்து வருஷம் முடியப் போவுது, சர்டிபிகேட் புதுப்பிக்கலன்னா கொடுத்துடணும். கப்பல்ல போட்டு அனுப்பவா மச்சான்?"னு கேட்டார். ராயபுரத்தான் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். பழைய கார்னா மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாதாம். அதுவும் மும்பைத் துறைமுகம் வழியாத்தான் இறக்கணும், வாசல்லயே ஹார்பர் இருந்தும் இங்க ஆகாது. சுங்க வரி மட்டுமே காரோட மதிப்பைத் தாண்டும்.

அந்தச் சுவரை நான் திட்ட மாட்டேன். வெளியிலிருந்து முழுக் காரா இறக்கினா கட்டுபடியாகாதுங்கறதும் ஒரு காரணம்தான், வெளிநாட்டுக் கம்பெனிங்க இங்கேயே தொழிற்சாலை போட்டதுக்கு. எங்க ஊர்ப் பசங்க சிலபேர் அந்தக் கம்பெனி பஸ்ல ஏறித்தான் குடும்பத்தைக் காப்பாத்தறாங்க. என் வருத்தம் வேற. ஆஸ்பத்திரிக்குப் போற சின்ன வண்டியையும் இத்தனை வருஷம் சொகுசுப் பொருள்னு 28%-ல வச்சிருந்தாங்களே, அதுதான்.

இப்போ செகண்ட் ஹேண்ட்தான் பாக்கறேன். சொந்த வண்டியை விக்கறவர்கிட்ட நேரா வாங்கினா ஜி.எஸ்.டி. இல்லை. வாழ்நாள் வரியை முதல் ஓனரே கட்டியிருப்பார், ஆர்.டி.ஓ.வுல பேர் மாத்தினா போதும். ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல பின் சீட்டு அம்மா காலை நீட்டிப் படுக்கற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை மச்சான் வந்து இன்ஜினைப் பாக்கறேன்னு சொல்லியிருக்கான்.