புதுப்பேட்டையில் ஒரு பளபளப்பு

அப்பாவின் புல்லட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தது அப்பாவேதான். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அதைக் கிக் அடிப்பதெல்லாம் நடக்காத காரியம். எனக்கோ ஆபீஸ் போக எலெக்ட்ரிக் ரயில். ஆக, 1986 மாடல் புல்லட் ஒன்று பல்லாவரத்தில் எங்கள் வீட்டு வாசலில் காக்கைகளுக்குப் பெஞ்சாக நின்றுகொண்டிருந்தது.

வாங்க வந்த பையன் ஒரு சுற்றுச் சுற்றினான். "இன்ஜின் சவுண்டு ஓகே சார். ஆனா பாக்க ஈயச் சட்டி மாதிரி இருக்கே!" என்று இடது பக்கத்து அலுமினிய கவரைத் தட்டிக் காட்டினான். அப்பா பேசவில்லை. உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விலையைக் குறைத்துக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

"ஒரு வாரம் டைம் குடு தம்பி" என்று அனுப்பி வைத்தேன்.

புல்லட்டில் அந்த கவர் ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. கழற்றுவது சுலபம். உள்ளே ஆயில் இருக்கும் என்பதுதான் எனக்கு மறந்துபோனது. சகதர்மிணி விடியற்காலையில் போட்ட பதினேழு புள்ளிக் கோலம் ஆயிலில் மிதந்தது. (அதன் பிறகு நடந்தவற்றை எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.) அத்தோடு விட்டேனா? பாத்ரூம் அடைப்புக்கு வாங்கி வைத்திருந்த காஸ்டிக் சோடாவைக் கரைத்து கவரின் ஒரு மூலையில் தடவினேன். பொங்கிப் பொங்கி நுரைத்தது. 'ஆஹா, அழுக்கு போகிறது' என்று நினைத்தேன். போனது அலுமினியம்! அந்த மூலை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

கவரை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தேன்.

புதுப்பேட்டையைப் பார்க்காதவர்களுக்கு: ஒரு கார் எதிரே வந்தால் நமக்கு அது கார். அங்கே அது நாலு கதவு, இரண்டு சீட்டு, ஒரு கியர்பாக்ஸ், ஒரு ரேடியேட்டர். கடைக்குக் கடை கதவுகள் துணி காயப்போட்ட மாதிரி தொங்குகின்றன. பிளாட்பாரத்தில் ஸ்டியரிங்குகளை முறுக்கு மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால், நம் வண்டியின் ஹெட்லைட்டை நமக்கே விற்பார்கள் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. நான் டீயும் குடித்தேன், கவரைக் கடை பெஞ்சிலேயே மறந்தும் வைத்தேன். டீ மாஸ்டர் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்தார்.

சந்துக்குள் ஒரு பஃபிங் பட்டறை. மோட்டாரில் துணிச் சக்கரம் சுற்றுகிறது. பெரியவர் ஒருவர் பிரவுன் கலர் சோப்புக் கட்டியை அதில் ஒரு தரம் காட்டிவிட்டு ஏதோ ஒரு மூடியை வைத்து அழுத்தினார். எடுத்தபோது அதில் அவர் முகம் தெரிந்தது. சக்கரத்தின் கீழ்ப் பாதியில்தான் வைக்கிறார். மேலே வைத்தால் துணி பிடுங்கி எறிந்துவிடுமாம், சில சமயம் நம் மேலேயே.

என் கவரைப் பார்த்ததும் சக்கரத்தை நிறுத்தினார். "இன்னா சார் இது, காஸ்டிக்கா?"

தலையைக் குனிந்தேன்.

"பத்து நாளாவும் சார், வேல கெடக்குது. நீயே வூட்ல பண்ணு. இந்தச் சக்கரம் கோடு எடுக்காது சார். கோட்டுக்கும் சேத்துப் பளபளப்புதான் குடுக்கும். கோட்ட எடுக்க வேண்டியது வாட்டர் பேப்பரு."

பிறகு பாடம். முதலில் பெயின்ட் ரிமூவர் போட்டுப் பழைய வார்னிஷை உரிக்க வேண்டும். இல்லையென்றால் திட்டுத் திட்டாகத்தான் வரும். அப்புறம் 320, 400, 600, 800, 1000, கடைசியில் 2000. எல்லாம் தண்ணீர் தொட்டுத்தான். தூள் பறந்து மூச்சில் ஏறக்கூடாது. 320-ஐக் குறுக்கே தேய்த்தால் 400-ஐ நெடுக்கே. குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாமல் போனால்தான் அடுத்த தாள்.

கவரின் நடுவே ஒரு நீளக் கீறல். அதில் நகத்தை ஓட்டினார். "நகம் மாட்டுது பாரு. இத்த எடுக்கணும்னா சுத்தி இருக்கறதெல்லாம் அந்த ஆழத்துக்கு எறங்கணும். கவரு காயிதமாப் பூடும். ஓரத்த மட்டும் மழுக்கு, போதும்." காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் என் புத்தி வேலை செய்தது. 400 முடிந்ததும் நேரே 1000-க்குத் தாவினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணாடிதான்! காலை வெயிலில் கொண்டுவந்து வைத்தால், பூனை பிராண்டிய மாதிரி உள்ளுக்குள் ஆயிரம் கோடுகள்.

"கொண்டா இங்க" என்று ஒரு குரல். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். 600-ஐ எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் தேய்க்க, நான் தண்ணீர் ஊற்ற, இரண்டு நாள்.

கீறல் வந்ததும் கை நின்றது.

"இது நீங்க விழுந்ததுதானேப்பா, 94-ல?"

"நாம விழுந்தது. நீ பின்னாடி தூங்கிட்டிருந்தே. ஏழு வயசு. எதிர்ல லாரி. வலது பக்கம் ரோடு, இடது பக்கம் மண்ணு. மண்ணுல சாய்ச்சேன். கல்லு இருந்திருக்கு. கவர்ல பட்டுது, உம்மேல படல."

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். சொன்னதே இல்லை. கேட்டதற்கு, "நீ கேட்டாத்தானே" என்றார்.

கடைசியாக மெட்டல் பாலிஷ். துணி கரியாகக் கறுத்தது. கோதுமை மாவு தூவித் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும் என்று அப்பா சொல்ல, அன்று வீட்டில் சப்பாத்தி இல்லை. அலுமினியம் காற்றுப் பட்டால் மறுபடி மங்கும் என்பதால் மேலே மெழுகும் பூசினோம். காஸ்டிக் மூலை மட்டும் லேசாகக் குழி விழுந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். குனிந்து தலை வாரிக்கொண்டான், கவரில் பார்த்து! "சூப்பர் சார். இந்த ஒரு கோட்டை மட்டும் விட்டுட்டீங்களே?"

"அது அப்படித்தான்" என்றார் அப்பா. முதலில் சொன்ன விலைக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பையனும் கொடுத்துவிட்டான். மிச்சமிருந்த பாலிஷ் டப்பாவையும் இரண்டு வாட்டர் பேப்பரையும் அவன் கையில் திணித்தார். "மாசம் ஒரு தடவ தொடைப்பா. காஸ்டிக் சோடாவ மட்டும் கிட்ட கொண்டு போகாதே. அப்படியும் சில பேர் இருக்கான்" என்று என்னைப் பார்த்தார்.

டுப் டுப் சத்தம் தெருக்கோடி திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றிருந்தார். அலுமினியக் கறுப்பு நக இடுக்கில் ஏறினால் லேசில் போகாது. அன்றைக்கு மத்தியானம் அப்பா ஸ்பூனில்தான் சாப்பிட்டார்.