அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?



எங்களிடம் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாணவி ஒருவர், இந்த விடுமுறையில் வாகரைப் பக்கம் ஒரு வேடர் கிராமத்தில் வேலைக்குப் போயிருக்கிறார். வீடு வீடாகப் பிள்ளைகளின் படிப்பு விபரம் எடுப்பது, பின்னேரத்தில் சிறுவர்களுக்கு வாசிப்புப் பழக்குவது, இவைதான் வேலை. முதல் நாள் இரவே எங்களுக்கு நீண்டதொரு குரல் பதிவு அனுப்பியிருந்தார. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். நம் ஊருக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது.

வேடர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தோளில் கோடரி தொங்கும் தம்பானைப் பெரியவர்களின் படம்தான். ஆனால் மட்டக்களப்பு, திருகோணமலைக் கரையோரங்களில் வாழும் வேடர்கள் நம்மைப் போலவே தமிழ் பேசுபவர்கள். மீன்பிடி, சேனைப்பயிர், தேன் எடுத்தல் என்று வாழ்பவர்கள். யுத்தமும் 2004 சுனாமியும் நம்மைப் போலவே அவர்களையும் இடம்பெயர வைத்தன. வாழைச்சேனையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். ஆனால் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

மாணவி முதலில் போன வீட்டில் ஒரு ஆச்சியும் பேரனும். "எங்கட வீட்டுச் சோறு நீங்க தின்னமாட்டீங்கதானே, இளநி குடிங்க மகள்" என்று வெட்டிக் கொடுத்திருக்கிறார். படிவத்தில் 'இனம்' என்ற கட்டம் வந்ததும் ஆச்சி தயங்கவில்லை.

"நான் வேடர்தான் மகள், அப்படியே எழுதுங்க. பேரனத் தமிழ் எண்டு போடுங்க."

"ஏன் ஆச்சி?"

"பள்ளிக்கூடத்துல வேடன் எண்டு பழிக்கிறானுகள். ரெண்டு நாளாப் போகமாட்டன் எண்டு நிக்கான்."

ஒரே வீட்டில், ஒரே இரத்தத்தில் இரண்டு இனம். "நான் எதை எழுதுறது சேர்?" என்றுதான் அந்தப் பிள்ளை எங்களைக் கேட்டிருந்தார்.

ஆச்சி சொன்னபடியே எழுதுங்கள், காரணத்தை ஓரத்தில் குறித்து வையுங்கள் என்று பதில் சொன்னோம். அந்தக் கட்டம் அவர்களுடையது. அதை நாம் நிரப்பிக் கொடுக்க முடியாது.

1911 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டில் ஐயாயிரத்துக்கும் அதிகமான வேடர்கள் பதிவானார்கள். 1963இல் அது சில நூறாகச் சுருங்கியது. அத்தனை பேரும் செத்தா போனார்கள்? இல்லை. பெரும்பாலானவர்கள் சிங்களவர் என்றும் தமிழர் என்றும் எழுதப்பட்டார்கள். சிலர் விரும்பி, சிலர் அந்த ஆச்சியைப் போல வேறு வழியில்லாமல்.

இந்த வலி நமக்குப் புதிதல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். நாம் யார் என்பதை நாமே சொல்வோம் என்பதுதான் அந்த மறுப்பின் சாரம். அந்த உரிமையை நூறு வருடங்களுக்கு மேலாகப் பேசிவரும் சமூகம், இன்னொரு சிறிய சமூகத்துக்கும் அது உண்டு என்று சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அதனால் பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். முரட்டுத்தனம் பண்ணும் பிள்ளையை "வேடன் மாதிரி" என்று ஏசுவது நம் பகுதியில் எல்லாச் சமூகத்திலும் கேட்கிற பேச்சு. கேலிப் பெயர் சூட்டுவதைத் தடுக்கும் ஸூரா ஹுஜுராத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் ஓதுகிறார்கள். அந்தப் படிப்பினை வகுப்பறைக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் வரவேண்டும். அந்தப் பேரன் நாளைக்கு உயர்தரம் படிக்க நம் பாடசாலைக்கே வரலாம். அன்று அவன் தன் பெயரை மறைக்காமல் இருக்க வேண்டும்.

மாணவி இன்னும் அங்கேதான் இருக்கிறார். வாசிப்பு வகுப்புக்குச் சிறுவர் கதைப் புத்தகங்கள் போதாது என்கிறார். வீட்டில் சும்மா கிடப்பவை இருந்தால் எங்களிடம் தாருங்கள், சேர்த்து அனுப்புகிறோம். நல்ல நிலையில் உள்ளவையாகப் பார்த்துத் தாருங்கள். அவர்களும் நம் பிள்ளைகள்தான்.